பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டில்

ஜூன் 8, ஞாயிறு

காலை ஏழுக்கே 31 டிகிரி. தண்ணீர் லாரி வரவில்லை. பூசை முடிந்து ஜெரோம் வந்தான். 22 நிமிடம். வழக்கம்போல நாற்காலி நுனியில். கேட்டவை: பி.பி., மாத்திரை, மோட்டார் ரிப்பேர். இட்லி இரண்டு. கால்மேல் கால் போட்டிருந்தவன், நான் அடுக்களையிலிருந்து வந்ததும் இறக்கிக்கொண்டான். நல்ல பிள்ளை. அப்படித்தான் வளர்த்தேன்.

நேற்று மாலை நடந்ததை எழுதாமல் விட்டேன். எழுதிவிடுகிறேன். சம்பந்தி ஆரோக்கியம், அதாவது மருமகள் ரீட்டாவின் அப்பா, வல்லம் வடகாலில் கம்பெனி பஸ் விடுகிறவர், குடும்பக் குழுவில் கைதவறி ஒரு படம் போட்டுவிட்டார். அவர் வீட்டு மொட்டை மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகள், வறுகடலைத் தட்டு, இரண்டு கிளாஸ். என் மகன் தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறான். கால்மேல் கால். மூன்று நிமிடத்தில் படத்தை அழித்துவிட்டார்கள். நான் பார்த்துவிட்டேன்.

குடிப்பான் என்று தெரியும். சுங்குவார்சத்திரத்தில் ஷிப்டு வேலை, முப்பத்தாறு வயது. அது பெரிதல்ல. அந்தச் சிரிப்பு. என் எதிரில் அப்படிச் சிரித்தது எப்போது? பத்தாம் வகுப்பிலா?

சம்பந்தி எட்டாவது தாண்டவில்லை. (தேவையில்லாத வாக்கியம். இருக்கட்டும்.)

பொறாமை. எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன்.

ஜூன் 10, செவ்வாய்

மேகம். மழை இல்லை. மின்சாரம் 11 முதல் 1 வரை போனது.

யோசனை: 22ஆம் தேதி ரீட்டா வேளாங்கண்ணி போகிறாள். ஜெரோம் பகல் முழுக்க இங்கே. மேசையில் ஒரு பாட்டில், இரண்டு கிளாஸ். “உக்காருடா, ஒண்ணு ஊத்திக்கோ.” அவ்வளவுதான். குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். குரல் பிசிறுகிறது.

சிக்கல்: 71 வயதில் பீர்கூட வாயில் பட்டதில்லை. அவன் எதிரில் புரையேறினால் மானம் போகும். முதலில் நான் பழக வேண்டும். ஸ்காட்ச் விஸ்கி என்றால் கொஞ்சம் கௌரவம். சம்பந்தி குடிப்பது உள்ளூர்ச் சரக்கு என்று நினைக்கிறேன்.

தேவைகள்:
1. தொண்டை எரியக்கூடாது.
2. புகை வாடை கூடாது.
3. என் ஒரு மாத மாத்திரைச் செலவைத் தாண்டக்கூடாது.
4. கடையில் சொல்லும்போது பெயரில் நாக்கு சுளுக்கக்கூடாது.

படித்ததில் விளங்கியவை: பல வடிசாலைச் சரக்குகளைக் கலந்தது விலை குறைவு, மென்மையும் அதிகம். ஒரே வடிசாலையின் மால்ட் இப்போதைக்கு வேண்டாம். கரி போன்ற தாவர மண்ணை எரித்து வாட்டிய தானியம் என்றால் புகை நாற்றம். ஸ்காட்ச் தேசத்தில் வடித்து இங்கே பாட்டிலில் அடைத்தது இன்னும் மலிவு, அதுவும் ஸ்காட்ச்தான். “பன்னிரண்டு வருடம்” என்று போட்டால் விலை ஏறும். மூன்று வருடமாவது மரப்பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

மனைவி இருந்திருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பாள்.

ஜூன் 12, வியாழன்

பெங்களூர் சாலை எலைட் மதுக்கடை. இருங்காட்டுக்கோட்டை வரை போனேன், இங்கே தெரிந்த முகங்கள். துணிப்பை, தொப்பி. இரண்டு முறை வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பினேன்.

“இன்னா பெருசு, வழி கேக்கணுமா?” என்றார் கடைக்காரர்.

“ஸ்காட்ச். மைல்டா. ஆரம்பிக்கிறவங்களுக்கு.”

“யாருக்கு, பேரனுக்கா?”

“எனக்குத்தான்.”

வரிசையில் நின்ற கம்பெனிச் சட்டைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு அவரே உதவினார். “சார், அந்த மூலைல கீறத தொடாதீங்க. ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். இந்த மூணுல ஒண்ணு எடுங்க. ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி. சோடா வேணாம், ஏறிக்கும்.”

கால் பாட்டிலாக மூன்று. பெயர்கள் எழுதவில்லை, இந்த டைரி யார் கையிலாவது அகப்படலாம். 1, 2, 3.

ஜூன் 16, திங்கள்

நேற்று ஜெரோம் 18 நிமிடம். ஓ.டி. என்றான். சனிக்கிழமை மாடிக்கு ஓ.டி. இல்லை போலிருக்கிறது.

சோதனை, மூன்று நாள், நாளுக்கு ஒன்று. காலை 11, சாப்பிட்ட பின். 20 மில்லி, தண்ணீர் 40. அளவுக்கு இருமல் மருந்து மூடி. மூடியின் கோட்டை நம்பாமல் மின்தராசில் தண்ணீர் நிறுத்தேன், 10 என்ற இடத்தில் 9.6 தான். திருத்திக்கொண்டேன்.

எண் 1: வார்னிஷ். கண்ணில் நீர்.
எண் 2: தேன் மாதிரி, பிறகு ரஸ்க் மாதிரி. எரிச்சல் உண்டு, உடனே தணிகிறது. இருமல் இல்லை.
எண் 3: லேசான புகை. நாக்கு மரத்தது.

ஒரு தடவை ருசித்துவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா? சந்தேகம். எண் 2 மறுபடி. அதே முடிவு.

ஜூன் 18, புதன்

எண் 2, முழு பாட்டில் வாங்கியாயிற்று. முப்பது வருடம் ஓர் ஆலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் காலிபரேஷன் அறையில் இருந்த கை. தேறிய கருவிக்குப் பச்சை ஸ்டிக்கர், தேறாததற்குச் சிவப்பு. பெட்டியில் இன்னும் ஒரு சுருள் மிச்சம். பாட்டில் கழுத்தில் பச்சை ஒட்டி, இனிஷியலும் தேதியும் போட்டேன். அசட்டுத்தனம். ஆனால் ஒட்டிய பிறகுதான் தைரியம் வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். கோழிக் குழம்பு, வறுவல், ரசம். ஷோகேஸிலிருந்து மனைவியின் கிளாஸ்கள் இரண்டு.

சாப்பாட்டுக்கு முன் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தேன். குளியலறை வசனம் மறந்துவிட்டது. “இது... நமக்கு” என்றேன்.

ஜெரோம் எழுந்தே நின்றுவிட்டான். “அப்பா, யாருது இது?”

“நம்முதுதான். உனக்கும் ஒண்ணு ஊத்தவா?”

“நான் குடிக்கிறதே இல்லப்பா. தெரியாதா உங்களுக்கு?”

கண்ணைப் பார்த்துச் சொன்னான். மரியாதைக்குச் சொன்ன பொய். படத்தைப் பார்த்தேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கூசிப்போவான்.

பிறகு, மிச்சத்தைக் கொட்டிவிட்டு நான் குப்பைக்கூடையில் போட்டிருந்த கால் பாட்டில்களைக் கண்டான். அலமாரியில் மூடி, தராசு, என் அட்டவணை. “எத்தனை நாளா இப்படி?” என்றான். “சும்மா, சோதனைக்கு” என்றேன். எழுதும்போதே தெரிகிறது, எவ்வளவு மோசமான பதில்.

மாடிப்படிக்குப் போய் போனில் பேசினான். கேட்டது: “மாமா, அப்பா பகல்லயே குடிக்க ஆரம்பிச்சிட்டாரு. என்ன பண்றதுன்னே தெரில. நீங்க ஒரு தடவ வந்து பேசுங்க.”

கவலைக்கும் அவரிடம்தான் போகிறான்.

வறுவல் மிஞ்சியது.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் தூறல். 10.40க்கு சம்பந்தி, ஸ்கூட்டரில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

“இன்னா சம்மந்தி, மாப்ள போன்ல அழுவுறாரு.”

அழுதானா? என்னிடம் அழுததில்லை.

“தனியா கீறீங்க, கஷ்டந்தான். அதுக்குனு வெளிச்சத்துலயே ஊத்திக்கினா? நானே பொழுது சாஞ்சாத்தான் தொடுவேன்.”

“இல்லைங்க, அது வந்து...”

“வேணாம், ஒண்ணும் சொல்லாதீங்க. குடிக்கிறவன் எவன் ஒத்துக்கினான்?”

உங்கள் மாடியில் அவன் சிரிக்கிற சிரிப்பு எனக்கு வேண்டும், அதற்குத்தான் இத்தனையும் என்று சொல்லியிருக்க வேண்டும். காபி போட்டுக் கொடுத்தேன்.

பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பினார். “நல்ல சரக்காச்சே! யாரு செலக்சன்?”

“நான்தான்.”

“கில்லாடி சம்மந்தி நீங்க! தோ, ஸ்டிக்கரு! மாப்ள மாடில உக்காந்தா இந்தக் கதைதான். ரேசன் கடை தராசுக்கு நீங்க செவப்பு ஸ்டிக்கரு ஒட்டிட்டு வந்தீங்களாமே, ரெண்டு மாசம் அரிசியே குடுக்கலியாம் கடைக்காரன்! சொல்லிச் சொல்லி சிரிப்பாரு.”

ஆக, அந்தச் சிரிப்பு என் கதைக்கு. என் கதையை அங்கே போய்ச் சொல்கிறான்.

“இத நான் எடுத்துக்கினு போறேன். கண்ணுல பட்டா கை போவும். மாப்ள சொல்லி அனுப்ச்சாரு.”

ஸ்கூட்டரில் உடையாமலிருக்க இரண்டு தாள் செய்தித்தாளில் சுற்றிக் கட்டியும் கொடுத்தேன்.

ஜூன் 28, சனி

நல்ல மழை, 4 முதல் 5 வரை. கொடியில் துணி நனைந்தது.

6.20க்குக் குழுவில் படம். அதே மாடி, ஈரத் தரை, வறுகடலை. ஜெரோம் சிரிக்கிறான். நடுவில் பாட்டில். பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை ஸ்டிக்கர், என் இனிஷியல். மட்டம் பாதிக்குக் கீழே.

6.22க்கு அழித்துவிட்டார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

27 டிகிரி. தண்ணீர் லாரி வந்தது. ஜெரோம், 26 நிமிடம். முகம் தெளிவாக இருந்தது, தலைவலி இருந்த மாதிரி தெரியவில்லை. நான் உள்ளே வந்ததும் காலை இறக்கினான்.

“இப்ப எப்படிப்பா இருக்கீங்க? அது... விட்டுட்டீங்கல்ல?”

“விட்டுட்டேன்.”

தொண்டை எரியவில்லை அல்லவா, ரஸ்க் மாதிரி வந்ததா, என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

“இன்னொரு இட்லி வைக்கட்டுமா?” என்றேன்.