ஐம்பத்தாறாம் வருஷத்துப் பட்டம்

கிளைவ் ஸ்திரீட்,
சிங்கப்பூர்.
16-11-1964

அன்பு மகன் சுந்தரத்துக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதுறது. இங்கே நான், உங்கப்பா, தம்பி மருதப்பன் மூணு பேரும் மூச்சுக்குக் குறைவில்லாம இருக்கோம், அங்கே சீமையிலே, காவென்ட்ரியிலே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அடக்கமா உடுத்தி, நல்லா இருக்கணும்னு வீரமாகாளியம்மனைக் கும்பிடாத நாளில்லே. போன மாசம் நீ போட்ட கடுதாசி வந்துச்சு. கம்பளிக் கோட்டு வாங்கினதும், கூட வேலை பாக்குறவங்களோட கடற்கரைக்குப் போனதும் படிச்சுச் சந்தோஷப்பட்டேன். கடைசியிலே இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வர்றேன்னு எழுதியிருந்தே பாரு, அதை மட்டும் உங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டலை. மே மாசமும் அதையேதான் எழுதினே.

உங்கப்பாவுக்கு வலது கையும் காலும் அப்படியேதான் இருக்கு. வாதம் வந்து இந்த மாசத்தோட ரெண்டு வருஷம் ஆச்சு. பேச்சு முக்காவாசி திரும்பிடுச்சு, அதை வச்சுக்கிட்டு என் உயிரை வாங்குறாரு. இருபது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், இப்ப படுக்கைக்கும் ஜன்னலுக்கும் நடுவுல கிடக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா மருதப்பன்தான் முதுகுல தூக்கிக்கிட்டு இந்தச் செங்குத்து மரப்படியிலே இறங்கணும். குளிக்க வைக்கவும் அவன், திருப்பிப் படுக்க வைக்கவும் அவன். என்னாலே அவரை ஒரு சாண் நகர்த்த முடியலே. அதனாலே அவன் பட்டறைக்குப் போனா நேரே வீடு, வீட்டை விட்டா பட்டறை. நான் தேக்கா பசாருக்குப் போனாலும் அரை மணியிலே ஓடி வந்துடணும். கதவு திறந்துதான் இருக்கு, ஆனா நாங்க மூணு பேரும் இந்த மாடியிலே பூட்டிக் கிடக்கோம்.

பொழுது போகணுமே, அதுக்கு உங்கப்பா ஒரு வேலை கண்டுபிடிச்சாரு. உனக்குத் தெரியுமே அவருக்கு மோட்டார் ரேஸ் பைத்தியம். கால் நல்லா இருந்தப்போ தாம்சன் ரோட்டு ரேஸுக்கு விடியக்காலையிலே போய் வெயில்லே நின்னவரு. இப்ப உலகத்திலே எந்த எந்த வருஷம் எவன் எவனுக்குப் பட்டம் கொடுத்தாங்க, அவன் அதுக்கு லாயக்கா இல்லையான்னு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்றாரு. எதிர்க்கட்சி நம்ம எதிர்வீட்டு சேக் தாவூது அண்ணன். உங்க கம்பெனிப் பட்டறையிலே ஸ்டோர் பாக்குற அதே அண்ணன்தான், லீவு நாளானா இங்கே வந்துடுவாரு. மருதப்பன் இங்கிலீஷ் பேப்பரைப் படிச்சுச் சொல்லுவான், இவங்க ரெண்டு பேரும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவாங்க. கோப்பி போட்டே என் கை தேய்ஞ்சுபோச்சு. இந்த வருஷத்துப் பட்டத்தைக் கேட்டியா? ஹில்லுங்கிறவன் நாப்பத்தொரு புள்ளி எடுத்தானாம், சர்டீஸு நாப்பதுதானாம், ஆனா பட்டம் சர்டீஸுக்கு. ஏன்னு கேட்டா, நல்லா ஓடின ஆறு ரேஸைத்தான் சேர்ப்பாங்களாம், ஹில்லு மேல்கொண்டு எடுத்த ரெண்டு புள்ளியைத் தள்ளிட்டாங்களாம். போதாததுக்குக் கடைசி ரேஸிலே சர்டீஸோட கூட்டாளி காரே வந்து ஹில்லை முட்டிச்சாம். அடப்பாவிகளா, ஓடினவனுக்கு ஓடினது சேராதான்னு நானே சண்டைக்குப் போயிட்டேன். எனக்கு ஸ்டியரிங் எது பிரேக் எதுன்னு தெரியாது, ஆனா நியாயம்னா தெரியும்ல.

இப்ப நான் எழுத வந்த விஷயத்துக்கு வர்றேன். செப்டம்பர்ல மறுபடி சீனங்களுக்கும் மலாய்க்காரங்களுக்கும் கலவரம் வந்து ஊரடங்கு போட்டாங்களே, அந்த முதல் நாள் நடந்தது இது. மத்தியானம் ரெண்டு மணிக்கே ஊரடங்குன்னு போலீஸ் வண்டி கத்திக்கிட்டுப் போகுது, தாவூது அண்ணன் இங்கே மாட்டிக்கிட்டாரு. பத்தடி தூரத்திலே அவர் வீடு, அவர் சம்சாரம் சம்சுன்னிசா ஜன்னல்ல நின்னு கையை ஆட்டுது, இவர் இறங்கிப் போக முடியலே. சரின்னு உங்கப்பா வழக்கை எடுத்தாரு. ஐம்பத்தாறாம் வருஷத்துப் பட்டம். அவருக்குப் பாஞ்சியோன்னா சாமி மாதிரி. அந்த வருஷம் கடைசி ரேஸு இத்தாலியிலே, பாஞ்சியோ கார் பாதியிலே கெட்டுப்போச்சாம். காலின்ஸுன்னு ஒரு பையன், அதே கம்பெனிக்கு ஓட்டுறவன், ஜெயிச்சா அவனுக்கே பட்டம் கிடைக்க வழி இருக்காம், அவன் வண்டியை நிறுத்தி இறங்கி நீங்க ஓட்டுங்கன்னு பாஞ்சியோகிட்டே கொடுத்துட்டானாம். பாஞ்சியோ அதிலே ஏறி ரெண்டாவதா வந்து பட்டத்தை வாங்கிட்டாரு. பாஞ்சியோவுக்குத் தகும்னு உங்கப்பா. அடுத்தவன் கார்ல ஏறி வாங்கினது எப்படித் தகும்னு தாவூது அண்ணன். மருதப்பன் எப்பவும் படிச்சுச் சொல்றதோட சரி, கட்சி சேரமாட்டான். அன்னைக்கு என்னமோ, கொடுத்தவன் மனசாரக் கொடுத்தான், வாங்கினவர் மேல என்ன குத்தம், பையனுக்கு இன்னும் வயசிருக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு கொடுத்திருப்பான் அப்படின்னான். தாவூது அண்ணன் சட்டுனு, நீ அப்படித்தான்லா பேசுவே, நீயும் அதைத்தானே பண்ணினேன்னுட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

வேற நாளா இருந்தா மனுஷன் செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கி ஓடியிருப்பாரு. அன்னைக்கு எங்கே போவாரு? கீழே பட்டாளத்துக்காரன் துப்பாக்கியோட நிக்கிறான். நான் விடலை, ராசா. ஒரு மணி நேரம் குடைஞ்சு எடுத்துட்டேன். அப்பத்தான் சொன்னாரு, அறுபத்தொண்ணுல கம்பெனி வச்ச பரீட்சையிலே முதல்ல வந்தது மருதப்பன்தானாம். சீமைக்கு வேலை கத்துக்க வரச்சொல்லிக் காகிதம் வந்தது அவன் பேருக்குத்தானாம். அண்ணனுக்கு இருபத்தஞ்சு தாண்டப் போகுது, அப்புறம் எடுக்க மாட்டாங்க, எனக்கு வயசிருக்கு, அண்ணன் மூணு வருஷத்துல திரும்பினதும் நான் போறேன்னு துரைகிட்டே எழுதிக் கொடுத்துட்டு வந்தானாம். நீயும் பக்கத்துலேதான் நின்னியாம்.

தஞ்சோங் பகார்ல உன்னைக் கப்பலேத்தினப்போ நான் உனக்கு மாலை போட்டேன். அவன் உன் டிரங்குப் பெட்டியைத் தலையிலே வச்சுக்கிட்டு நின்னான். அண்ணனைப் பாத்துக் கத்துக்கடான்னு அவன்கிட்டே சொன்னேனே, அந்த வாயை என்ன செய்ய? பிள்ளை சரிம்மான்னு தலையாட்டினான். ஊரடங்கு அன்னைக்கு இதையெல்லாம் கேட்டுட்டு, சரி, அந்தக் காலின்ஸ் பையன் அப்புறம் எந்த வருஷம் பட்டம் வாங்கினான்னு கேட்டேன். மருதப்பன்தான் மெதுவாச் சொன்னான், வாங்கலைம்மா, ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ளே ஜெர்மனியிலே ரேஸுல செத்துட்டான்னு. உங்கப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. மறுநாள் காலையிலே தம்பி அவருக்கு முகம் கழுவி விடுறப்போ, இருக்கிற ஒரு கையாலே அவன் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு, அந்த வருஷத்துப் பட்டத்தைப் பாஞ்சியோவுக்கு நான் கொடுக்கலைடா அப்படின்னாரு. அதுக்கப்புறம் இந்த வீட்டிலே யாரும் ஐம்பத்தாறைப் பத்திப் பேசுறதில்லே.

இதை அப்பவே உனக்கு எழுதலை. ரெண்டும் நான் பெத்தது, ஒண்ணுக்காக இன்னொண்ணை எப்படிக் கேக்குறதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா தீபாவளி கழிஞ்ச வாரம் கம்பெனியிலே மறுபடி ஒருத்தனை அனுப்பப் போறாங்கன்னு காகிதம் வந்திருக்கு. மருதப்பன் பேருக்குத்தான். மார்ச்சுல கப்பல். ஏப்ரல் வந்தா அவனுக்கு இருபத்தஞ்சு முடியுது, இதை விட்டா அவனுக்கு இனி கிடையாது. அவன் எங்ககிட்டே மூச்சு விடலை. அப்பாவைத் தூக்க ஆளில்லே, வரமுடியாதுன்னு எழுதி தாவூது அண்ணன் கையிலே கொடுத்து ஆபீசிலே சேர்க்கச் சொல்லியிருக்கான். அவர் அதை ஆபீசிலே கொடுக்காம என்கிட்டே கொண்டாந்து கொடுத்துட்டு, படியிலே உட்கார்ந்து அழுதுட்டாரு.

நான் அதைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். மறுநாள் சம்சுன்னிசாவை உங்கப்பாவுக்குத் துணை வச்சுட்டு தாவூது அண்ணனோட பட்டறைக்கே போனேன், துரையைப் பாத்தேன். அவர் பேசினது எனக்குப் புரியலே, நான் பேசினதை அண்ணன் சொன்னாரு. சின்னவன் வருவான், பெரியவன் பிப்ரவரிக்குள்ளே வீடு திரும்புறான்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆமா, உன்னைக் கேக்காமத்தான் சொன்னேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் தவணை கொடுத்திருக்காரு, அதுக்குள்ளே மருதப்பன் கையெழுத்துப் போடணும். அவனுக்கு இது எதுவும் தெரியாது. வேண்டாம்னு சொன்னது ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துட்டுதுன்னு நெனச்சுக்கிட்டு, நேத்தும் சிரிச்ச முகமா அப்பாவுக்கு ஷேவ் பண்ணிவிட்டான். அவன் முகத்தைப் பாக்க முடியாம நான் அடுப்படியிலேயே கிடக்கேன்.

உனக்கு அங்கே வேலை பிடிச்சிருக்கும், மனுஷாள் பிடிச்சிருக்கும், வேற யாரும் பிடிச்சிருந்தாலும் எழுது, நான் கோவிச்சுக்க மாட்டேன். நீ மோசக்காரன்னு நான் சொல்லலே. அன்னைக்கு உனக்கும் ஆசை இருந்திருக்கும், வாங்கிக்கிட்டே. ஆனா மூணு வருஷம்னு அவன்கிட்டே சொல்லிட்டுத்தானே போனே? மே மாசத்தோட அது முடிஞ்சுபோச்சுய்யா. தெரியாத மாதிரி எனக்குக் கோட்டு வாங்கின கதையும் கடற்கரைக் கதையும் எழுதாதே. கோபத்திலே இதை எழுதுறேன், அழுதுக்கிட்டும் எழுதுறேன், ரெண்டும் உனக்குத் தெரியட்டும்.

தாயார் புண்ணியத்திலே நீ நூறு வருஷம் சீரும் சிறப்புமா இருக்கணும், கப்பல்ல ஜன்னல் ஓரமா நிக்காதே, காதை மூடிக்கிட்டுப் படு. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாரு, தாவூது அண்ணனும் சம்சுன்னிசாவும் விசாரிச்சாங்க. முக்கியமா ஒண்ணு, இதுக்குப் பதிலை எனக்குப் போடாதே, மருதப்பன் பேருக்குப் போடு. நான் வர்றேன், நீ புறப்படுன்னு உன் கையாலே எழுது, உனக்கா தோணினதா எழுது, அம்மா சொன்னான்னு எழுதாதே. அன்னைக்கு அவன் கொடுத்தது இத்தனை வருஷம் எங்க யார் காதுக்கும் எட்டலை. நீயும் அதே மாதிரி கொடு, ராசா.

இப்படிக்கு,
உன்னையும் அவனையும் பெத்த அம்மா,
ம. ரத்தினம்மா