ஒரு வார்த்தை விடாமல்

அன்புள்ள கோபிகா,

நீ பள்ளிக்கூடம் வராமல் இன்றோடு ஆறு நாள். நேற்று உன் வீட்டு வாசல் வரை வந்தேன். "காச்சல்மா, தூங்குறா," என்றார் உன் அம்மா. உள்ளே நீ தம்பியை அதட்டும் சத்தம் கேட்டது.

வாழ்வியல் திறன் வகுப்பில் சுகுணா டீச்சர் சொன்னதைத்தான் செய்தேன். பக்கத்தில் இருப்பவர் மூன்று நிமிடம் பேச வேண்டும். நாம் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். எல்லோரும் பேசி முடித்த பிறகுதான், கேட்டதை அப்படியே வகுப்புக்குச் சொல்லச் சொன்னார். "அடுத்தவங்க மனசப் புரிஞ்சுக்க இதுதான் வழி," என்றார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

நீ என் காதருகே சொன்னாய்: "எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராதுடி. நீ சத்தமாப் படிக்கிறதக் கேட்டுத்தான் மனப்பாடம் பண்ணுறேன்."

ஏழாம் வகுப்பு வரை யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாய். நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிட்டு, கைதட்டலுக்குக் காத்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் உன் முகத்தைப் பார்த்தேன்.

"ஏ ரேடியோ, ஒன் நேயர் எங்க?" என்று பிரசாந்த் தினமும் கேட்கிறான்.

நேரில் சொல்ல முடியாததைக் கடிதத்தில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். இவ்வளவும் எழுதிய பிறகுதான் உறைக்கிறது. இதை உனக்கு யார் படித்துக் காட்டுவார்கள்? உன் அம்மாவிடம் கொடுத்தால் அவருக்கும் தெரிந்துவிடும். நானே வந்து படிக்கலாம் என்றால், நீ வாசலுக்கே வர மாட்டேன் என்கிறாய்.

இப்படிக்கு,
உன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பவள்