நட்சத்திரம் போட்ட படிவங்கள்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை, நீ போய் எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பதில் பேசி என்னை மடக்க நீ இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

இன்று காலை பூச்சோங் வீட்டில் தேநீருக்குப் பால்மாவு கலக்கினேன். கொழுப்பு நீக்கிய மாவு. எனக்கு இனி அதுதான் என்று சொல்லிவிட்டார்கள். சுடுநீர் பட்டதும் எழுந்த அந்தச் சப்பென்ற வாசனை என்னை நேராக ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. நிமோனியாவோடு வந்த பிள்ளைகளின் மூக்கிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சிகளை இதே மாவைக் கரைத்த பாலில்தான் நான் உறைய வைத்தேன். அந்தப் பாலில் நியூமோகாக்கஸ் கிருமி வருடக்கணக்காகச் சாகாமல் கிடக்கும். கிருமி வளர்க்கும் தட்டில் வளரவிட்டு இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் தானாகவே செத்துப்போகும். தைப்பூசத்துக்கு ஊரே விடுமுறையில் இருந்தாலும் யாராவது ஒருவன் வந்து அதைப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். அந்த ஒருவன் நான். பத்துமலையில் குடும்பத்தோடு நின்று எடுத்த படத்தை நீ எனக்கு அனுப்புவாய். கையுறையைக் கழற்றிவிட்டு அதைப் பார்ப்பேன்.

கிள்ளானில் ஒரே வகுப்பில் படித்தோம். உயிரியலில் எனக்கு உன்னைவிட மதிப்பெண் அதிகம். இது உனக்கும் தெரியும். மருத்துவ இடம் உனக்குக் கிடைத்தது, நுண்ணுயிரியல் எனக்கு. கடைசியில் ஒரே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தோம். நீ மூன்றாம் மாடியில் குழந்தைகள் வார்டின் டாக்டர். நான் தரைத்தளத்தில் தட்டு பார்க்கிறவன். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் நீ நடந்தால் பத்து அடிக்கு ஒரு தாய் நிறுத்துவாள். பிள்ளையை முன்னால் தள்ளி, "டாக்டருக்கு வணக்கம் சொல்லு" என்பாள். பக்கத்தில் நான் வாழையிலைக் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை நீ பெருந்தன்மையாக, "இவருதான் உங்க பிள்ளையோட கிருமியைக் கண்டுபிடிச்சவரு" என்றாய். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓ, ரத்தம் எடுக்குற அண்ணனா?" என்றாள். நீ வாய்விட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்றும் எனக்குக் கேட்கிறது.

"எக்ஸ்ரேவை அப்புறம் பாரு, பிள்ளை பால் குடிக்குதான்னு முதல்ல அம்மாவைக் கேளு" என்று புது டாக்டர்களிடம் சொல்வாய். நல்ல பேச்சுதான். எனக்கு அப்படி ஒரு வாசகம் வரவில்லை என்பதும் என் பொறாமைகளில் ஒன்று.

கேன்டீனில் அன்று நடந்ததை மறந்திருக்க மாட்டாய். நியூமோகாக்கஸ் ஒரே கிருமிதான், ஆனால் மேலுறையைப் பொறுத்து அதில் பல வகை. மூன்றாம் வகை வளர்ந்த புள்ளி மட்டும் தட்டில் எச்சில் துளி போல வழவழவென்று பளபளக்கும். மூச்சுத் திணறி, நெஞ்சில் சீழ் கட்டும் நிலையில் வந்த பிள்ளைகளின் சோதனைப் படிவத்தில் நீ சிவப்பு மையால் ஒரு நட்சத்திரம் போட்டு அனுப்புவாய், நான் அதை முதலில் பார்க்கட்டும் என்று. நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னேன்: "டேய், உன் நட்சத்திரப் பிள்ளைங்ககிட்டதான்டா இந்த வழவழப் புள்ளி வருது."

உன் கரண்டி பாதியில் நின்றது. "நிஜமாவா? எத்தனை பிள்ளைங்க?"

"நோட்டுல இருக்கு. வந்து பாரு."

"பாஸ், இது பெரிய விஷயம்லா!"

என் வாயிலிருந்து வந்த விஷயம் அன்று மாலைக்குள் உன்னுடையதாகிவிட்டது. கிருமியின் வகையைப் பார்த்தே எந்தப் பிள்ளைக்கு நோய் முற்றும் என்று சொல்லிவிடலாம் என்றாய். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஓட்டல் மண்டபத்தில் நீ பேச ஏற்பாடாயிற்று.

இனி, நீ அறியாத பகுதி.

உன் பேச்சுக்கு இரண்டு வாரம் முன்பு பந்திங்கிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்தது. சாதாரண இருமல், காய்ச்சல்; படிவத்தில் நட்சத்திரம் இல்லை. தட்டில் கண்ணுக்கு முதலில் பட்ட புள்ளியைத் தொட்டெடுத்துச் சோதித்தேன். மூன்றாம் வகை இல்லை என்று எழுதி முடித்தேன். மறுநாள் குழந்தைக்கு மூச்சு வாங்கியது. நீ மறுபடியும் பஞ்சுக்குச்சி அனுப்பினாய், இந்தத் தடவை நட்சத்திரத்தோடு. நட்சத்திரத்தைப் பார்த்ததும் நான் என்ன செய்வேன்? ஒரு புள்ளியோடு நிறுத்தமாட்டேன். இரண்டு, மூன்று என்று தேடுவேன். நான்காவது புள்ளி வழவழத்தது. ஏதோ உறுத்த, பழைய தட்டைக் குப்பைப் பையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் ஓரத்திலும் அதே பளபளப்பு இருந்தது. முதல் நாளே இருந்திருக்கிறது, நான் தேடவில்லை.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே மூக்கில் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்து இருக்கலாம். நோய் முற்றிய பிள்ளையிடம் மூன்றாம் வகை கிடைக்கும்வரை தேடினேன். மற்ற பிள்ளைகளிடம் முதல் புள்ளியோடு விட்டுவிட்டேன். அப்படியென்றால் நாம் பார்த்தது கிருமியின் குணமா, என் கையின் குணமா? உன் நட்சத்திரமும் என் அவசரமும் சேர்ந்து செய்த தவறாகவும் இருக்கலாம்.

மூன்று மாடி ஏறிவந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மண்டபத்தில் எவராவது எழுந்து, "தட்டு பார்த்தவருக்கு எந்தப் பிள்ளை மோசம் என்று முன்பே தெரியுமா?" என்று கேட்பார்கள், உன் முகம் வெளுக்கும், நான் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பேன் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். திரையின் கடைசிப் பக்கத்தில் "ஆய்வுக்கூட ஊழியர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி. வெளியே வந்து என் தோளில் கை போட்டாய். "அடுத்த தடவை உன் பேரைப் போட்டுடுறேன்டா. கோவிச்சுக்காதலா." அடுத்த தடவையும் அதே வரிதான் இருந்தது. எழுத்தின் அளவு கூட மாறவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உறைபெட்டியில் இருக்கும் குழாய்களில் எண் மட்டும்தான் உண்டு. எந்த எண் எந்தப் பிள்ளை, நட்சத்திரம் உண்டா இல்லையா என்பதெல்லாம் இந்த நோட்டில் மட்டுமே இருக்கிறது.

போன வாரம் உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அங்கிள், ஃப்ரீசரைக் காலி பண்ணச் சொல்றாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். உங்ககிட்ட லிஸ்ட் ஏதும் இருக்கா?"

"இல்லைம்மா" என்றேன்.

அவள் உடனே வைக்கவில்லை. "எனக்கு ஒரு சந்தேகம் அங்கிள். மூன்றாம் வகை இல்லேன்னா பிள்ளையைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடறது இங்க பழக்கமாயிடுச்சு. அப்படி அனுப்பின ஒரு பிள்ளை போன மாசம் திரும்பி வந்துச்சு, நெஞ்சுல சீழோட. இப்ப பரவால்ல, பால் குடிக்குது. ஆனா மறுபடி எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்னு தோணுது."

பால் குடிக்குது என்றாள். உன் வாசகம் அவள் வாயிலும் ஏறியிருக்கிறது. அதிலும் எனக்கு எரிந்தது.

ஒரு வாரமாக இந்த நோட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறேன். நீ தவறு என்று நிரூபணமாக வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அப்படியானால் இதை ஏன் அனுப்பவில்லை? இன்றைக்குத்தான், பால்மாவைக் கலக்கியபடி, அதற்கான காரணத்தை எனக்கு நானே ஒப்புக்கொண்டேன். அந்தப் பாலுறைந்த குழாய்களை எடுத்து, நட்சத்திரத்தை மறைத்து, எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவு தேடிப் பார்த்து, அப்போதும் நீ சொன்னதே சரி என்று வந்துவிட்டால்? நான் வாயை மூடியிருந்தும்கூட உனக்கு ஒரு கெடுதலும் செய்ய முடியவில்லை என்று ஆகிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் இல்லைம்மா என்றேன். வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளையை அந்தக் கணத்தில் நான் நினைக்கவே இல்லை.

நீ இருந்திருந்தால் மன்னித்துவிட்டு, அதையும் ஒரு நல்ல வாசகமாக்கி ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாய். அந்த வாய்ப்பை உனக்குத் தர எனக்கு இன்னும் மனம் இல்லை. என்னிடம் மிச்சமிருப்பது பொறாமையும் இந்த நோட்டும். பொறாமையை அனுப்ப முடியாது.

நோட்டில் பந்திங் குழந்தையைப் பற்றி எழுதிய பக்கத்தில் இந்தக் கடிதத்தை மடித்து வைப்பேன். அந்தப் பெண் டாக்டர் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். இன்று புதன். பூச்சோங் தபால் நிலையம் ஒன்பது மணிக்குத் திறக்கும். இப்போது அனுப்பினால் நாளைக்கு அவள் கையில் இருக்கும்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். உன் திரையில் என் பெயர் இல்லாததற்காக இத்தனை வருடம் உன்மேல் கறுவிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அதை விட்டது நீ இல்லை. பெயர் போடாமலே அனுப்பப் போகிறேன்.