அறுபது றாத்தல் வில்

இன்று காலையில் உருளைக்கிழங்கு நிறுத்தேன். உங்கள் சிநேகிதன் எர்வின் தன் தோட்டத்துக் கிழங்கில் ஒரு பை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். பாதியைக் கீழ்வீட்டு அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று கொளுக்கித் தராசில் மாட்டினால் ஏழு கிலோ காட்டுகிறது. அதில் இரண்டு கிலோ உங்களுடையது. ஒன்றும் மாட்டாமல் வெறுமனே தொங்கவிட்டாலும் அந்தத் தராசு இரண்டு கிலோ காட்டும். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது, நான் இன்னும் ஒவ்வொரு தடவையும் இரண்டைக் கழித்துக்கொண்டு நிற்கிறேன்.

பத்துக் கிலோவுக்கு மேல் மாட்டக் கூடாது என்று அதன் முகத்திலேயே போட்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது வாசிக்கத் தெரிந்தது. கப்பல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய உங்களுக்குத் தெரியவில்லை. எர்வினின் வில்லைக் குசினிக்குள் கொண்டுவந்து, நாணில் கொளுக்கியை மாட்டி, எத்தனை றாத்தல் என்று பார்க்கிறேன், இரண்டு றாத்தல் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்று இழுத்தீர்கள். உள்ளே ஏதோ நெரிந்தது. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று நீங்கள் சொன்னால் ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தம். அதை நான் கல்யாணம் கட்டிய முதல் மாதமே படித்துவிட்டேன்.

இதெல்லாம் தம்பியின் கடிதத்தால் வந்தது. எழுபத்தொன்றில் இலங்கையில் நடந்த கிளர்ச்சிக் குழப்பத்தோடு துவக்குகளை எல்லாம் பொலிசில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிற என் தம்பியும் தன் துவக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். பன்றிகளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, அந்தப் போகமே கூட்டமாக இறங்கிவிட்டன. கதிர் வந்த வயலில் பாதியைக் கிளறிப் போட்டன என்று எழுதியிருந்தான். தகரத்தில் தட்டினாலும் போவதில்லையாம், நின்று பார்க்கின்றனவாம்.

நீங்கள் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். மாலையில் வரும்போது எர்வினும் கூட வந்தான். கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் உங்களுக்குப் பக்கத்து மெஷின்காரன். வில்லெய்கிற சங்கத்தில் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இந்த ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. எங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரில் வைக்கோல் கட்டிலும் அட்டையில் கீறிய பன்றியிலும்தான் எய்வார்கள். ஆனாலும் அமெரிக்காவிலிருந்து வேட்டை வில் தருவிக்க வழி இருக்கிறது என்றான். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் இந்தக் குளிர்காலம் முழுக்க இதுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

வில்லை முழுதாக இழுத்துப் பிடிக்க எத்தனை றாத்தல் பலம் வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. வில்லில் எழுதியிருக்கும் எண், நாணை இருபத்தெட்டு அங்குலம் இழுத்தால் வருகிற பலம் என்று எர்வின் விளங்கப்படுத்தினான். கை கட்டையானவன் அவ்வளவு இழுக்க மாட்டான், அதனால் அவன் கையில் அதே வில் பலம் குறைந்துவிடும். இரண்டு கையையும் விரித்து விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து இரண்டரையால் பிரித்தால் ஒருவன் இழுக்கிற நீளம் வரும். எனவே தம்பியை அளக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கேட்டீர்கள். மூன்று கிழமையில் பதில் வந்தது: கையை விரித்தால் நாலு முழம்.

நீங்கள் உடனே பென்சிலை எடுத்தீர்கள். முழம் பதினெட்டு அங்குலம், நாலு முழம் எழுபத்திரண்டு அங்குலம். தம்பிக்கு ஆறடிக் கை வந்துவிட்டது. என்னைவிட நாலு விரல் மட்டும் உயரமான தம்பிக்கு.

"இஞ்சாருங்கோ, ஆருடைய முழம் இது?" என்று கேட்டேன்.

"முழம் எண்டா முழம்தான். நீர் பேசாம இரும்."

"அவன் தன்ர கையாலை தன்னை அளந்திருக்கிறான். அப்பிடி அளந்தா ஆருக்கும் நாலு முழம்தான் வரும்."

உங்களுக்கு அது ஏறவில்லை. நான் ஒரு தும்புக் கயிற்றை எடுத்து உங்களைச் சுவரோடு நிற்க வைத்தேன். உங்கள் கையால் உங்களை அளந்தேன், நாலு முழம். என் கையால் என்னை அளந்தேன், நாலு. கோப்பியோடு குந்தியிருந்த எர்வினையும் எழுப்பினேன். எங்கள் நிலைக்கதவில் தலை இடிக்கிற எர்வினும் அவன் முழத்தில் நாலுதான். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. "ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம் வித்தியாசம் வரும், அதுக்கென்ன" என்றீர்கள்.

அதுக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பெரியப்பாவின் தொடையைப் பன்றி கிழித்ததை நீங்கள் பார்க்கவில்லை. வெடி சரியாகப் படாத பன்றி ஓடாது, திரும்பி வரும். துவக்கோடு போன மனிதனுக்கே அந்தக் கதி என்றால், கை நடுங்க இழுத்த வில்லோடு என் தம்பி நின்றால் என்ன ஆகும்? எனக்கு நெல்லுப் போனாலும் பரவாயில்லை, அவன் வேண்டும். இதை உங்களிடம் சொன்னபோது, பயந்த பெண்டுகள் வேட்டைக் கதை கதைக்கக் கூடாது என்றீர்கள். நான் கதைக்கவில்லை. எழுதினேன்.

ஊருக்கு நீங்கள்தான் எழுதுவீர்கள், நான் பக்கத்தில் இருந்து சொல்லுவேன். அன்றைக்கு நீங்கள் காலை ஷிஃப்டுக்குப் போனபின் நானே எழுதினேன். ஒரு நூலை எடு, கையை விரித்து நில், மனைவியைக் கொண்டு நுனிக்கு நுனி பிடித்து வெட்டி, கடிதத்துக்குள் வை. பிறகு கிணற்றுக் கப்பியில் கயிற்றைப் போட்டு, கூட்டுறவுச் சங்கக் கடையில் நிறுத்த கல்லை வாளியில் வைத்துக் கட்டு. ஒரு கையால் கன்னம் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணு. எத்தனை றாத்தல் வரைக்கும் கை நடுங்காமல் பிடிக்கலாம் என்று எழுது. எழுத்துப்பிழை எத்தனை இருந்ததோ தெரியாது. இரண்டு பக்கம் எழுத எனக்கு ஒரு காலை முழுக்கப் போயிற்று, சோறும் அடிப்பிடித்தது.

பதில் வரும்வரை நீங்கள் அம்பில் இறங்கினீர்கள். எர்வின் இரண்டு அம்பு தந்திருந்தான், ஒன்று பாரம், ஒன்று லேசு. பாரத்தைக் கிரெயின் என்று ஏதோ கணக்கில் சொன்னான். எனக்கு அது பிடிபடவில்லை. அவன் கடிதம் நிறுக்கிற சின்னத் தராசில் பார அம்பை வைத்தான், முப்பத்திரண்டு கிராம் காட்டியது. நான் என் இரண்டு காப்பையும் கழற்றி வைத்தேன், அதே முப்பத்திரண்டு. நாலு பவுண் தங்கம். அதற்குப் பிறகு எனக்கு அம்பு விளங்கிவிட்டது. லேசு அம்பு மூன்று பவுண். நீங்கள் அந்த மூன்று பவுணைத்தான் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அது தூரம் போகுமாம், வேகமாகப் போகுமாம்.

"தம்பி காவல் கொட்டிலிலை இருந்து எய்யப் போறான். பன்றி முப்பதடியிலை நிக்கும். தூரம் ஆருக்கு வேணும்?" என்றேன்.

எர்வினுக்கு நீங்கள் அதை மொழிபெயர்த்தபோது அவன் என் பக்கம் விரலை நீட்டி, இவ சொல்லுறதுதான் சரி என்றான். பாரமான அம்புதான் தோலைத் தாண்டி உள்ளே போகும், வில்லுக்கும் நல்லது, சத்தமும் குறைவு. நீங்கள் எர்வினோடு இரண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை.

பிறகு ஒரே கிழமையில் இரண்டு கடிதம் வந்தன. ஒன்று உங்களுக்கு, அத்தான் என்று தொடங்கி. அறுபது றாத்தல் என்றாலும் தனக்கு ஒரு பொருட்டில்லை, ஊரில் யாரும் இழுக்காத வில்லாக அனுப்புங்கள் என்று எழுதியிருந்தான். நீங்கள் அதை இரண்டு தரம் உரத்து வாசித்தீர்கள். மற்றது, நான் எழுதிக் கொடுத்திருந்தபடி, நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து விலாசத்துக்கு வந்தது. உள்ளே சிவப்பு நூல். "அக்கா, ஐம்பது எண்டா மூண்டு எண்ணுறதுக்குள்ளை கை நடுங்குது. நாப்பத்தைஞ்சு எண்டா பத்தும் எண்ணலாம். அத்தானுக்குச் சொல்லிப் போடாதேங்கோ."

நூலை அளந்தேன். அறுபத்து நாலு அங்குலம். ஆறடி இல்லை, ஐந்தடி நாலு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிற்க வைத்துப் பேச வேண்டும் போல இருந்தது. ஒருவன் ஐயாயிரம் மைல் தள்ளி இருந்து பெருமைக்குப் பொய் எழுதுகிறான். மற்றவர் அந்தப் பொய்யை நம்பி அறுபது றாத்தலுக்கு ஓடர் கொடுக்கப் போகிறார். நடுவில் சொல்லாதே என்று எனக்குக் கட்டளை.

உங்களுக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை நீங்கள் தலைமயிர் வெட்டப் போன நேரம் எர்வினின் தோட்டத்துக்கு நடந்தேன். சலவைக்கூடத்தில் படித்த ஜெர்மன்தான் என்னிடம் இருந்தது, அழுக்கு, சுத்தம், சுடுதண்ணீர், நாளைக்கு, இன்றைக்கு. வில்லுக்கு அது காணாது. நூலை அவன் கையில் கொடுத்தேன். "என்ர தம்பி" என்றேன். தரையில் குச்சியால் நாற்பத்தைந்து என்று எழுதினேன், அறுபது என்று எழுதி அடித்துவிட்டேன். எர்வின் நூலை வேலிக்கம்பில் பிடித்து அளந்தான், இரண்டரையால் பிரித்தான். பிறகு ஐம்பது என்று எழுதினான். ஐம்பது என்று குறித்த வில் இவ்வளவு கட்டைக் கையில் நாற்பத்தைந்துதான் இழுக்கும் என்று விரலைக் காட்டிக் காட்டிச் சொன்னான். அம்பு நாலு பவுண் என்று நான் சொல்ல, காப்பைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினான். உங்கள் ஓடரை அவன்தான் தபாலில் போட வேண்டும். மாற்றித்தான் போட்டான்.

வில் வந்தது. நீங்கள் பெட்டியைப் பிரித்து, துணியால் துடைத்து, எண்ணைப் பார்த்தீர்கள். ஐம்பது. கடைக்காரன் பிழை விட்டுவிட்டான், திருப்பி அனுப்ப வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டு சப்பாத்தைப் போட வெளிக்கிட்டீர்கள். எர்வின் வீட்டுக்குப் போகப் போகிறீர்கள், பாவம் அவனை ஏசப் போகிறீர்கள். அதனால் நானே சொன்னேன். நூலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். தம்பியின் கடிதத்தையும் வைத்தேன்.

வாசித்தீர்கள். முகம் கறுத்தது. "உம்மட தம்பி எனக்குப் பொய் எழுதியிருக்கிறான். நீர் தெரிஞ்சுகொண்டு மறைச்சிருக்கிறீர்" என்றீர்கள். ஐந்து நாள் நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அந்த ஐந்து நாளும் வில் குசினி மூலையில் சாய்ந்து நின்றது, நான் அதைச் சுற்றிச் சுற்றிச் சமைத்தேன்.

ஆறாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்களே தொடங்கினீர்கள். "எர்வின் முதல் நாள் என்னைக் கேட்டவன், நீ எத்தினை இழுப்பாய் எண்டு. நான் எழுபது எண்டு சொன்னனான்."

"நீங்கள் எத்தினை இழுப்பீங்கள்?"

"நாப்பது. அதுகும் அடுத்த நாள் தோள் எழும்பாது."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. நீங்கள் கோபித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தீர்கள். பிறகு எழுந்து கையைக் கழுவி, தாளை எடுத்து, தம்பிக்குக் கடிதம் எழுதினீர்கள். என்ன எழுதுகிறீர்கள் என்று எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்தீர்கள். அவனை ஏசி எழுதுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்போடு எத்தனை நாள் உங்களோடு சண்டை கொளுவியிருக்கிறேன் தெரியுமா? சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

உங்கள் பழைய கப்பல் சிநேகிதர் ஹம்பேர்க்கில் இருந்து வில்லைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த போகத்தில் தம்பி மூன்று பன்றி விழுத்தினான். வயல் நெல் முழுக்க வீட்டுக்கு வந்தது. அவன் காலும் கையும் முழுசாக இருக்கின்றன. நீங்கள் அந்தக் கடிதத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்க் காட்டினீர்கள், தமிழ் தெரியாதவர்களுக்கும்.

போன வருடம் மாசி மாதம் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து போய்விட்டீர்கள். அங்கேயும் தாதியிடம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொன்னீர்கள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தப் பதினொரு நாளும் உங்கள் மேல் எனக்கிருந்த கோபம் இன்னும் முழுக்க இறங்கவில்லை.

தம்பி உங்களுக்கான செலவுச் சடங்குகள் எல்லாம் அங்கே செய்து முடித்தபின் எனக்கு எழுதினான். நாலு பக்கம். மூன்று பக்கம் அழுகை. நாலாம் பக்கத்தில் இது இருந்தது. "அக்கா, ஒண்டு கேக்கிறன். அறுபது றாத்தல் வில்லுக் கடையிலை முடிஞ்சு போச்சு, மன்னிச்சுக்கொள், உன்ர பலத்துக்கு ஐம்பது காணாது எண்டு எனக்குத் தெரியும் எண்டு அத்தான் அண்டைக்கு எழுதினவர். அது உண்மையோ? இல்லாட்டி அவருக்குத் தெரிஞ்சு போச்சோ? அவர் என்னை என்னெண்டு நினைச்சுக்கொண்டு போனவர் எண்டு தெரியாமல் மனம் ஆறுதில்லை."

குசினியில் நின்றபடி அதை வாசித்தேன். கையால் மறைத்துக்கொண்டு நீங்கள் எழுதியது அதுதான். ஐந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, இதை எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லாமல்.

ஏசவும் ஆள் இல்லை, பிடித்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

இரண்டு கிழமை பதில் எழுதாமல் வைத்திருந்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியும், அதற்காகத்தானே ஒன்றையும் எனக்குச் சொல்லாமல் விட்டீர்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். ஓம் தம்பி, முடிந்துதான் போயிற்று, நானும் கூடப் போய்க் கேட்டேன், கடைக்காரன் கையை விரித்துவிட்டான். அத்தான் கடைசி வரைக்கும் உன்னை அறுபது இழுக்கிறவன் என்றுதான் எல்லோருக்கும் சொன்னார். எழுதி, ஒட்டி, தபாலில் போட்டுவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் உங்களைத்தான் ஏசிக்கொண்டு வந்தேன்.

இப்போது தம்பி, ஒரு தரம் ஜெர்மனிக்கு வந்து உங்கள் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறான். வந்தால் எர்வினைப் பார்க்காமல் போக மாட்டான். நேற்று எர்வினின் தோட்டத்துக்குப் போய், யார் கேட்டாலும் அறுபது றாத்தல் வில் அப்போது கடையில் முடிந்திருந்தது என்று அவனுக்கு மூன்று தரம் சொல்லிக் கொடுத்தேன். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் நான் சொன்னபடியே திருப்பிச் சொல்லிக் காட்டினான்.