கழுநீரில் கரைத்த கட்டி

அத்திப்பட்டு,
புதன்கிழமை

அன்பு மகள் கீர்த்திக்கு,

அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நாமக்கல் வெயிலும் ஹாஸ்டல் சாப்பாடும் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டும். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், பெரியவர்கள் மாதிரி சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நேற்று நம் செவலைப் பசு செத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவே சொல்லுவாள், அதற்குள் நீ இதைப் படித்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டால் அவள் என் போனை எடுத்துப் பார்ப்பாள், அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

இந்த வெயிலில் இங்கே புல் என்று இருப்பது அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த நார்தான். மேய்ந்து வயிறு நிறைந்தாலும் புரதம் இல்லை, பால் பாதியாகிவிட்டது. தண்டையார்பேட்டைக் கடையில் கடலைப் புண்ணாக்கு பூசணம் பிடித்திருந்தது, வேண்டாமென்று வந்துவிட்டேன். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கா, நீ சொன்ன யூரியா, வெல்லப்பாகு சேர்த்த கட்டியா என்று யோசித்துக் கட்டியைத்தான் வாங்கினேன். காய்ந்த புல் மேயும் மாட்டுக்கு அது சரியானதுதான், நீ சொன்னதில் தப்பில்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவிடமும் சொல்லித்தான் தொங்கவிட்டேன். அவளுக்கு எந்தத் தீனியையும் கழுநீரில் கரைத்து வைத்தே பழக்கம். “அது நக்கினு கீறத எவன் பாத்துகினு குந்தினு இருப்பான், கரைச்சி வெச்சா ஒரே மூச்சுல குட்ச்சிடும்” என்று பக்கத்து வீட்டு தேவகிருபை அக்காவிடம் சிரித்துக்கொண்டே பாதிக் கட்டியை உடைத்துக் கழுநீர் பக்கெட்டில் போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம், வாயில் நுரை, வயிறு உப்பி விழுந்துவிட்டது. நான் ஷிப்டிலிருந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் பக்கெட்டை மோந்து பார்த்து என்னைத் தனியே கூப்பிட்டு, அத்தனை யூரியாவும் ஒரே நேரத்தில் உள்ளே போனதுதான் விஷமாகிவிட்டது என்று சொன்னார்.

அம்மாவிடம் பாலிதீன் தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அவள் சோறு தொடவில்லை, செவலையைக் கட்டியிருந்த இடத்தையே பெருக்கிக்கொண்டிருக்கிறாள். காலையில், “பாலிதீன் துன்னா இப்டி ஒடனே சாவுமா? உனுக்கு இன்னா தெரியும், எம்பொண்ணு மாட்டு டாக்டருக்குப் படிக்குது, அத்தக் கேக்குறேன்” என்றாள். கேட்பாள். ஆமாம்மா, குடல் அடைத்தால் அப்படித்தான் என்று சொல். படித்தவள் அப்படிச் சொல்லக் கூடாது, தெரியும். தன் கையால் கொடுத்ததுதான் கொன்றது என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். மீதிக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன், மிச்சமிருக்கும் கிடாரிக் கன்றுக்கு இனி என் கையால் பருத்திக்கொட்டைப் புண்ணாக்குதான்.

நல்லபடியாகப் படி, நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைக் கிழித்துப் போடு. அழுவதென்றால் போன் பண்ணுவதற்கு முன்பே அழுது முடித்துவிடு.

உன் அப்பா,
மனோகரன்