அனலைதீவுக்குப் போகவிருந்த மூன்று நாட்கள்

ஐயா,

அலுமாரிக்கு மேலிருந்த உங்கள் கான்வஸ் பையை இன்று காலை இறக்கினேன். பூச்சி உருண்டையும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை அறை முழுவதும் பரவியது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"உதென்னம்மா, தபால்காரன்ரை பையோ?"

"உன்ரை அம்மப்பா முதுகிலை போட்டுக்கொண்டு நடந்த பை."

"எங்கை நடந்தவர்?"

"அனலைதீவுக்கு."

போய்ச் சேரவில்லை என்பதைச் சொல்ல எனக்கு உடனே மனம் வரவில்லை. அவளுக்குப் பத்து வயது. அந்த வயதில்தான் நானும் உங்களோடு புறப்பட்டேன். மார்கழி விடுமுறை தொடங்கிவிட்டது. நாளைக்கு அவளும் நானும் மூன்று நாள் நடைப்பயணம் போகப் போகிறோம். ஊருக்கு இன்னும் அறிவிக்கவில்லை. ஏன் அறிவிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அம்மாவையும் என்னையும் கொழும்பிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பினீர்கள். தீவுக்காரருக்குக் கப்பல் புதிதல்ல. ஆனால் பாயும் சட்டியும் இல்லாமல், உடுத்த உடுப்போடு கப்பலில் ஊருக்கு வந்து இறங்குவது புதிது. நிலைமை அடங்கியதும் நீங்கள் மட்டும் அரசாங்கக் கிளாக்கர் வேலைக்குத் திரும்பினீர்கள். அதற்குப் பிறகு எனக்குத் தகப்பன் என்பவர் பெரும்பாலும் ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதங்கள் எல்லாம் திணைக்களச் சுற்றறிக்கையின் கூடப்பிறந்தவை. 'அன்புள்ள பிள்ளைக்கு' என்ற வரி முடிந்ததும் இலக்கமிட்ட பந்திகள் தொடங்கிவிடும். ஒரு நாள் கடிதத்தோடு ஓர் ஆங்கிலச் சஞ்சிகையின் தாளும் வந்தது. பனி மூடிய மலையில், முதுகில் பையோடு, ஒரு தகப்பனும் மகனும் நடந்து போகிறார்கள். அந்தத் தாள் உங்கள் அலுவலக வாசிகசாலைக்குச் சொந்தமானது. அதைக் கிழித்ததுதான் உங்கள் முப்பது வருடச் சேவையில் நீங்கள் செய்த ஒரே குற்றம் என்று நினைக்கிறேன். கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்: "ஒன்று: வருகிற மார்கழி லீவில் நீயும் நானும் இப்படி நடப்போம். இரண்டு: இதற்கென இருவர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்படுகிறது. மூன்று: நீரே செயலாளர்."

எங்கள் தீவில் பனிமலை இல்லை. எங்கள் குளிர்காலம் என்பது, வாடைக்காற்றுக்குப் பயந்து ஆண்கள் காதைச் சுற்றிச் சால்வை கட்டிக்கொண்டு, தாங்கள் இந்த வருடத்தோடு போய்விடுவோம் என்று சொல்லித் திரிகிற சில வாரங்கள். அது உங்களுக்குப் போதுமாக இருந்தது.

பத்து மாதம் திட்டமிட்டோம். எங்கள் ஊரான சரவணையிலிருந்து காலையில் புறப்பட்டு, சுருவில் வழியாக ஊர்காவற்றுறைக்கு நடப்பது. பின்னேர லோஞ்சில், அந்த மோட்டார்ப் படகில், அனலைதீவுக்குப் போவது. அங்கே கோயில் மடத்தில் இரண்டு இரவு தங்கித் தீவைச் சுற்றி நடப்பது. விதிகளும் இருந்தன. பிள்ளையின் பை பிள்ளையின் நிறையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. குடை கொண்டுபோவதில்லை, நடப்பவரின் இரு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும். வழியில் எவருடைய வீட்டுக்குள்ளும் போவதில்லை. குடை பற்றிய விதியை அம்மா ஏற்கவில்லை என்று எழுதினேன். "அம்மா குழுவில் அங்கத்தவர் அல்ல" என்று பதில் போட்டீர்கள். அதை நான் அம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டியது செயலாளர் பதவிக்குரிய வேலை இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

நான் ஒன்றை மட்டும் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. மூன்று நாள் முழுக்க நீங்கள் எனக்கு மட்டும் கிடைப்பீர்கள்; அதில் ஒரு நேரம் பார்த்து, என்னையும் கொழும்புக்குக் கொண்டு போகச் சொல்லிக் கேட்க வேண்டும். எனக்கு அனலைதீவு அதற்குத்தான். தீவைப் பார்க்கும் ஆசை எனக்கு அவ்வளவாக இருந்ததில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வந்து இறங்கிய மறுநாளே கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில் என்னை நிறுத்தீர்கள். கூப்பன் அரிசிக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன கிளாக்கர், பிள்ளையைச் சங்கத்துக்குக் குடுக்கப் போறியளோ?" என்றார் மனேச்சர்.

"எட்டிலை ஒண்டு பாக்கோணும்" என்றீர்கள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

"எட்டிலை ஒண்டுதான் தருவியளெண்டால் எங்களுக்கு வேண்டாம்."

வரிசை சிரித்தது. நீங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, என் பையிலிருந்து எள்ளுருண்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்து உங்கள் பைக்குள் வைத்தீர்கள்.

புறப்பட்ட காலை மழை தூறியது. அம்மா குசினி வாசலில் நின்றார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரோ? மார்கழி மழைக்கை பிள்ளையைக் கொண்டு தெருத்தெருவாய்த் திரியப் போறியள்."

"தெருத்தெருவாய் இல்லை. ஒரே தெரு" என்றீர்கள்.

அன்றைக்கு அம்மாவும் நீங்களும் போட்ட சண்டை அவ்வளவுதான். இதைக் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு மணித்தியாலத்தில் அது வேறு வடிவம் எடுத்துவிட்டது.

நீங்கள் வரைந்த வரைபடம் மிக நல்ல வரைபடம், ஐயா. கிணறுகள் இருந்தன, நல்ல தண்ணீர் எது உவர்த் தண்ணீர் எது என்ற குறிப்போடு. கோயில்கள், மடங்கள், மழைக்கு ஒதுங்கக்கூடிய மரங்கள்கூட இருந்தன. வீடுகள் மட்டும் இல்லை. கொழும்பில் இருந்து வரைந்ததால் வந்த பிழை. கொழும்புத் தெருவில் ஒருவன் பையோடு போனால் அவன் பையோடு போகிறான், அவ்வளவுதான். சரவணையில் ஒரு கிளாக்கர் காற்சட்டை போட்டு, முதுகில் பையும், பக்கத்தில் பையோடு பொம்பிளைப் பிள்ளையும், குடையும் இல்லாமல், பஸ் ஓடுகிற தெருவில் நடந்து போனால், அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். இயற்கையை ரசிக்கப் போகிறார் என்பதை எங்கள் ஊர் காரணமாக ஏற்காது.

அரை மைல் போவதற்குள் சுருட்டுக்கொட்டில் முதலாளி சைக்கிளில் எதிரே வந்தார். இறங்கி, உங்கள் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார்.

"எங்கை, தம்பி?"

"சும்மா நடக்கிறம்."

"சும்மாவோ?"

"ஓம் அண்ணை. நடந்து பாப்பமெண்டு."

"பஸ் நிக்காமல் போட்டுதோ?"

"இல்லை, பஸ் வந்தது. நாங்கள் ஏறேல்லை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டிலை... ஒண்டுமில்லையே?"

"ஒண்டுமில்லை அண்ணை."

நீங்கள் சொன்ன ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒவ்வொன்றும் நிலைமையை மோசமாக்கியது. அவர் வந்த வழியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அதன் வேகம் எங்கள் வேகத்தைவிடக் கூடுதல். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் யாரோ நின்றார்கள். எல்லோருக்கும் நாங்கள் ஏதோ ஒரு முறையில் சொந்தம். எல்லோரும் உள்ளே வரச் சொன்னார்கள். விதிப்படி நாங்கள் மறுத்தோம். கோபித்துக்கொண்டு போகிறவர்கள்தான் எங்கள் பக்கத்தில் தேத்தண்ணியை மறுப்பார்கள்.

சுருவிலில் உங்கள் அக்கா, என் மாமி, தெருவுக்கே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. செய்தி முழு உருவம் எடுத்திருந்தது: தம்பி பெண்சாதியோடு முறித்துக்கொண்டு பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டு போகிறான். உங்களை விட்டுவிட்டு மாமி நேரே என்னிடம் குனிந்தார்.

"சொல்லு குஞ்சு. உன்னைக் கொழும்புக்கோ கொண்டு போறார்?"

"ஓம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை அவ்வளவு பேருக்கு முன்னால் யாரோ கேட்டபோது, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். மறுக்கவில்லை. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இந்த மடல் எழுத எனக்கு இவ்வளவு வருடம் எடுத்திருக்காது.

பத்தரை மணி பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினார், ஈரச் சீலையோடு, குடையில்லாமல்.

"நீ என்ன சொன்னனி என்ரை தம்பிக்கு?" என்று மாமி தொடங்கினார்.

"நான் குடையைக் கொண்டு போகச் சொன்னனான், மச்சாள்!"

அதை யாரும் நம்பவில்லை. மதியம் வரை, மாமியின் விறாந்தையில், நடக்காத ஒரு சண்டைக்குச் சமாதானம் பேசப்பட்டது. சுருட்டுக்கொட்டில் முதலாளி தலைமை தாங்கினார். இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால், நீங்கள் கிழமைக்கு ஒரு கடிதம் அம்மாவுக்கும் எழுதுவதாக ஒப்புக்கொண்டீர்கள். அம்மா இனி உங்களை எதிர்த்துக் கதைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். அம்மா தன் வாக்கை அன்று பின்னேரம் வரை காப்பாற்றினார். உங்கள் கடிதங்கள் கடைசி வரை வந்தன. அம்மா அவற்றை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அதனால் அந்தச் சமாதானத்தை நான் பிறகு கேலி செய்ததில்லை.

மறுநாள் காலை அம்மாதான் சொன்னார்: "ஊர் முழுக்கக் கூட்டியாச்சு. இனி ஒருக்கா அந்த அனலைதீவையும் பாத்திட்டு வாங்கோ."

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் லோஞ்சு கட்டிக் கிடந்தது. வாடை அடித்தது. கடல் சாம்பல் நிறத்தில் எழும்பி விழுந்துகொண்டிருந்தது. "இண்டைக்கு ஓடாது. நாளைக்கும் சொல்லேலாது" என்றார் லோஞ்சுக்காரர். அக்கரையில் அனலைதீவு ஒரு கோடாகத் தெரிந்தது. நாங்கள் பைகளைக் கழற்றாமலே மதிலில் சாய்ந்து நின்றோம்.

"நேற்று ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி?"

நான் பையின் வாரை இழுத்து இறுக்கினேன்.

"கொழும்புக்கு வர விருப்பமெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே."

"கேட்டால் ஏலாதெண்டு சொல்லுவியள்."

"ஓம்" என்றீர்கள். "சொல்லியிருப்பன்."

லோஞ்சுக்காரர் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினார். பிறகு கடலைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "ஏலாதெண்டாலும் கேள். நீ கேக்காட்டி, உனக்கு விருப்பமில்லையாக்கும் எண்டு நான் அங்கை நினைச்சுக்கொண்டெல்லோ இருப்பன்."

அப்போது கேட்டேன்.

"ஐயா, என்னையும் கொண்டு போங்கோ."

"ஏலாது, பிள்ளை."

பிறகு இருவரும் எள்ளுருண்டை சாப்பிட்டோம். உங்கள் பையில் இருந்தவை, என் நிறையின் எட்டில் ஒரு பங்குக்குள் அடங்காமல் போனவை. மழை வந்தது. கைகள் வெறுமையாக இருந்ததால் நன்றாக நனைந்தோம். பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வருடத்துக்கும் திட்டம் இருந்தது. இம்முறை வீடுகளையும் வரைபடத்தில் போட்டிருந்தீர்கள். ஆனால் அடுத்த மார்கழிக்குள் நான் பெரியபிள்ளையாகிவிட்டேன். பெரியபிள்ளை முதுகில் பையோடு தெருவால் நடப்பது பற்றி எவரும் விவாதிக்கவில்லை. விவாதிக்க ஒன்றும் இல்லை. குழு கலைக்கப்பட்டதாக ஒரு கடிதமும் வரவில்லை. இலக்கமிட்ட பந்திகள் மட்டும் வந்துகொண்டிருந்தன: கணக்கில் எத்தனை புள்ளி, ஆங்கிலத்தில் எத்தனை புள்ளி. அதனால்தான் என் மகளுடைய பயணத்தை அடுத்த மார்கழிக்குத் தள்ளிவைக்க எனக்குத் துணிவில்லை. ஒரு வருடத்தில் என்ன நடக்கும் என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நீங்கள் ஓய்வுபெற்று வந்தபோது நான் கல்யாணம் செய்து, படிப்பிக்கவும் தொடங்கியிருந்தேன். இனி என்னோடு நடக்க யாருடைய சம்மதமும் தேவையில்லை. உங்கள் முழங்கால்தான் சம்மதிக்கவில்லை. சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்ப அம்மாவின் கை வேண்டியிருந்தது. இருந்தும் மார்கழி பிறந்தால், வாடை எப்படி, லோஞ்சு ஓடுதாமோ என்று வருகிறவர்களிடம் விசாரிப்பீர்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருக்கா போவமோ, ஐயா, என்று நான் கேட்டதே இல்லை. ஏலாது என்று சொல்ல வைப்பது உங்களுக்கு வருத்தம் தரும் என்று நினைத்தேன். பஸ்ஸில் போய், இறங்குதுறை மதிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்திருக்கலாம் என்பது நீங்கள் கண்மூடி ஒரு மாதத்துக்குப் பிறகு, சமைத்துக்கொண்டு நின்றபோது தோன்றியது. அடுப்பில் இருந்தது கரிந்துவிட்டது.

என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது உங்கள் 'ஏலாது'தான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோவற்றுக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் அதை முகத்தைப் பார்த்துச் சொன்னதாக நினைவில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். காற்று இன்று குறைவு. பிள்ளையைத் தராசில் நிறுத்துவிட்டேன், வீட்டுக்குள்ளேயே.

நீங்களும் வாங்கோ, ஐயா. பதில் எனக்குத் தெரியும். கேட்காமல் விட்டால், எனக்கு விருப்பமில்லையாக்கும் என்று நீங்கள் அங்கே நினைத்துக்கொண்டு இருப்பீர்கள்.