ஒரு ஆளுக்கு எம்புட்டு அரிசி

12.8.2007, ஞாயிறு
இன்றைக்கும் சோறு மிஞ்சிவிட்டது. கொஞ்சநஞ்சமில்லை, அரைப்பானை. விருதுநகர் பிள்ளைகள் இல்லத்தில் என் சமையல் முறை வந்தால் அறுபது பேருக்கு அண்டாவில் பொங்குவேன், உப்புகூடப் பிசகாது. பதினெட்டு முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். சிவகாசியில் கேலண்டர் கம்பெனி வேலை, வாடகை அறை, ஸ்டவ், பானை, எல்லாம் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சொர்ணலட்சுமி அக்கா ஏற்பாடு. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. கேட்கவும் வெட்கம்.

15.8.2007
லீவு. அறையில் இருப்பே கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சும்மா நின்றேன், சத்தமாவது கேட்கட்டும் என்று. ஏழாயிரம்பண்ணை பஸ் கண்டக்டர், "எங்கம்மா போகணும்?" என்றார். எங்கேன்னு சொல்ல?

19.8.2007
வீட்டுக்கார சுப்புத்தாய் அத்தை பானையைப் பார்த்துவிட்டார்.
"ஒத்தப் பிள்ளைன்னுதானே வீடு குடுத்தேன்? இம்புட்டுச் சோறு யாருக்கு? யாரு வந்து போறாக?"
பானையை மூடி வைத்தேன். இல்லத்துப் பிள்ளை என்றால் வீடு கிடைக்காது என்று, தன் சொந்தக்காரப் பிள்ளை என்று சொல்லித்தான் அக்கா இந்த அறையைப் பிடித்தார். உண்மையைச் சொன்னால் அவர் பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால் நான் கெட்டுப்போனவள்.
"மாசம் முடியவும் வேற எடம் பாத்துக்க."
போறேன். இல்லத்துக்கே போறேன். யாருக்கு வேணும் இந்த அறை?

26.8.2007
போனேன். திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். சாப்பாட்டு மணி அடித்ததும் கால் தானாக நடந்து வரிசையில் என் இடத்துக்குப் போனது. அங்கே பானுப்பிரியா இருந்தாள், எனக்கு ஒரு வயது இளையவள். "எக்கா, இது இப்ப என் எடம்" என்றாள், நகர்ந்துகொண்டே. அதற்குள் யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். வருகிற பெரிய மனுஷர்களுக்குப் போடுகிற நாற்காலி. அதில் உட்கார்ந்து ஒரு வாய்கூட இறங்கவில்லை. அழுகை அழுகையாக வந்தது.
அக்கா, "சுப்புத்தாயம்மா போன்ல சத்தம் போட்டாக. நான் வந்து பேசவா?" என்றார்.
"வேண்டாம், நானே பேசிக்கிறேன்."
ஏன் அப்படிச் சொன்னேன்?

27.8.2007
சொல்லிவிட்டேன். "நான் அக்காவுக்குச் சொந்தமில்லை அத்தை. இல்லத்துல வளந்தேன். யாரும் வரலை. எனக்கு அறுபது பேருக்குத்தான் பொங்கத் தெரியும்."
அத்தை உள்ளே போனார். முடிந்தது, இனி மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.
ஒரு டம்ளரோடு வந்தார். "இதுல முக்கால். நிறைச்சுத் தலை தட்டிப் போடாத." டம்ளரை என் கையில் வைத்தார். "பொய் சொல்லி வீடு பிடிச்சதுக்கு உங்க அக்காவை நான் கேட்டுக்கிறேன். நீ இரு."

5.9.2007
சோறு சரியாக இருந்தது.

14.10.2007, ஞாயிறு
புது வருஷக் கேலண்டர் சீசன், ஞாயிறும் அரைநாள் வேலை. வந்து உலை வைத்து, முக்கால் டம்ளர் போட்டு வடித்து இறக்கினேன். வாசலில் சொர்ணலட்சுமி அக்காவும் பானுப்பிரியாவும். அடுத்த வருஷம் அவளும் வெளியே வரணுமாம், ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று கூட்டிவந்தாராம். சுவரைப் பார்த்தாள், ஸ்டவ்வைப் பார்த்தாள். "தனியா பயமா இல்லையாக்கா?" என்றாள். "இருக்கு" என்றேன். பானையைத் திறந்து பார்த்துவிட்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன்.
"என்னட்டீ, மறுபடி மிஞ்சிருச்சா?"
"இல்ல அத்தை. என் வீட்டுக்கு ஆள் வந்திருக்காக. சோறு பத்தலை."